அத்திப்பழத்தைச் சுட்டுச் சமைப்பது: இனிப்புக்கு ஒரு சூடு, காரத்துக்கு வேறு சூடு

அத்திப்பழத்தை ஓவனில் வைத்தால் சில நேரம் நீர்விட்டுக் கூழாகிவிடுகிறது, சில நேரம் விளிம்பு கருகி நடுப்பகுதி சவசவவென்று நிற்கிறது, சரியான பக்குவம் எது, அப்படிச் சுட்ட பழத்தை இனிப்பு தவிர வேறு எதில் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பக்குவம் ஒன்றல்ல, இரண்டு என்பதுதான் என் பதிலின் சாரம். உப்பும் காரமும் உள்ள உணவுக்கு அத்தியை அதிகச் சூட்டில் குறைந்த நேரம் சுட வேண்டும். இனிப்புக்குக் குறைந்த சூட்டில் நெடுநேரம் வாட்ட வேண்டும். இரண்டையும் ஒரே முறையில் செய்ய முயல்வதால்தான் பழம் ஒரு நாள் கூழாகவும் மறுநாள் கரியாகவும் வந்து நிற்கிறது. இதோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அத்தியில் இனிப்பு தாராளமாக இருக்கிறது, புளிப்பு ஏறக்குறைய இல்லை, உப்பும் கசப்பும் அறவே இல்லை. சுடும்போது நீர் குறைந்து இனிப்பு மேலும் திரளும், ஆனால் இல்லாத சுவை எதுவும் புதிதாக வந்துவிடாது. அவற்றைச் சமைப்பவர்தான் சேர்க்க வேண்டும். மத்தியதரைக் கடலோர நாடுகளில் தலைமுறைகளாகச் செய்யப்படும் அத்தி உணவுகள் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த ஈடுகட்டல் அதில் இருக்கும்.

முதலில் எந்த அத்தி என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் ஆற்றோரத்திலும் கோயில் வளாகத்திலும் அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு மரம். அதன் பிஞ்சைப் பொரியலாகவும் கூட்டாகவும் செய்வது வழக்கம், பழத்தை ஓவனில் சுடுவதால் பெரிய பலன் கிடைக்காது. இங்கே பேசப்படுவது பழக்கடையில் பஞ்சு மெத்தையிட்ட சின்னப் பெட்டிகளில் விற்கும் சீமை அத்தி. இந்தியச் சந்தையில் கிடைக்கும் புதுப் பழத்தில் பெரும்பகுதி புனே அத்தி என்னும் வகைதான். புனேவை ஒட்டிய புரந்தர் வட்டாரத்து அத்திக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அங்கே மழைக்காலத்தில் வரும் அறுப்பைக் ‘கட்டா பஹார்’ என்றும், கோடையில் வருவதை ‘மீட்டா பஹார்’ என்றும் சொல்வார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: மழைக்காலப் பழத்தில் நீர் அதிகம், இனிப்பு குறைவு. ஆகவே அயல்நாட்டுச் சமையல் குறிப்பில் ‘20 நிமிடம்’ என்று போட்டிருந்தால், அது கலிஃபோர்னியாவின் கெட்டித் தோலுள்ள பிளாக் மிஷன் வகையை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கக்கூடும். 1769-இல் சான் டியாகோவில் கால் வைத்த பிரான்சிஸ்கன் துறவிகளின் மிஷன் தோட்டங்களிலிருந்து பெயர் பெற்ற பழம் அது. மெல்லிய தோலும் மென்மையான சதையும் கொண்ட புனே அத்தியை அதே நேரம், அதே சூட்டில் வைத்தால் தட்டில் ஒட்டிக்கொண்டு கிழியும்.

ஓவனுக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் நிமிடக் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புதுப் பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 80 கிராம் நீர். 16 கிராம் அளவுக்குச் சர்க்கரை. உலர்ந்த அத்தியில் நீர் 30 கிராமாகக் குறைந்து எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையாகிவிடுகிறது. சுட்ட அத்தி இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும் பொருள். பழத்தில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். இவற்றில் ஃப்ரக்டோஸ் சுமார் 110 டிகிரி செல்சியஸிலேயே பழுப்பேறத் தொடங்கும், குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 160 டிகிரி வேண்டும். வெட்டிய முகத்தில் ஈரம் நிற்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் நிறமும் ஏறாது, கருகிய சர்க்கரையின் மணமும் வராது. ஈரம் மறைந்ததும் சூடு சட்டென்று ஏறிவிடுவதால், பழுப்புக்கும் கரிக்கும் இடையில் ஓரிரு நிமிடம்தான் கிடைக்கிறது. அதிகச் சூடு கொடுத்தால் உட்சதை குழைவதற்கு முன்பே மேற்பரப்பு காய்ந்து பழுப்பேறிவிடும். குறைந்த சூட்டிலோ முழுப் பழமும் மெல்ல நீரை விட்டு, அந்த நீரே பாகாகச் சுண்டி மறுபடி பழத்தின் மேல் படியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 180 டிகிரியில் அரை மணி நேரம் என்பது, என் கருத்தில், இரண்டும் கெட்டான்.

பழம் வாங்கும்போதே பாதி வேலை தீர்ந்துவிடும். பறித்த அத்தி வீட்டில் மென்மையாகலாமே தவிர, அதில் இனிப்பு ஏறாது. காம்புக் கழுத்து தொய்ந்து, தோலில் மெல்லிய கீறல்கள் ஓடி, அடிக்கண்ணில் தேன்துளி போல ஒரு சொட்டுக் கசிந்திருக்கும் பழம்தான் சரியான பழம். காம்பில் வெள்ளைப் பால் வந்தால் அது முற்றாதது. அந்தப் பால் கையில் பட்டால் சிலருக்கு அரிப்பும் எரிச்சலும் வரும். முகர்ந்து பார்த்துப் புளித்த நெடி அடித்தால் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள், உள்ளே நொதித்துவிட்டது என்று பொருள். நல்ல பழம் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். சுடுவதற்குச் சற்று முன்புதான் கழுவ வேண்டும், கழுவியதும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இப்போது அதிகச் சூட்டு முறை. பழத்தைக் காம்பிலிருந்து அடிவரை நெடுக இரண்டாக வெட்டுங்கள். ஓவனை 220 டிகிரிக்குச் சூடேற்றும்போதே தட்டையும் உள்ளே வைத்துக் காயவிடுங்கள். வெட்டிய முகத்தில் ஆலிவ் எண்ணெயை மெல்லப் பூசி, காய்ந்த தட்டில் முகம் மேலே பார்க்க இடைவெளிவிட்டு அடுக்கி, மேல் தட்டுநிலையில் 10 முதல் 12 நிமிடம் வைத்தால் போதும். இந்தக் கட்டத்தில் உப்போ சர்க்கரையோ தூவக் கூடாது. இரண்டும் நீரை வெளியே இழுத்து மேற்பரப்பை நனைத்துவிடும். உப்பு வெளியே எடுத்த பிறகுதான். தேன் வேண்டுமென்றால் கடைசி மூன்று நிமிடத்தில் தடவுங்கள், ஏனெனில் தேனில் ஃப்ரக்டோஸ் அதிகம், முன்பே தடவினால் பழத்துக்கு முன் அது கருகும்.

ஓவன் இல்லாதவர்கள் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். இந்த முறைக்கு நன்றாகப் பழகிய இரும்புத் தோசைக்கல் ஓவனைவிட மேல் என்றே சொல்வேன். கல் காய்ந்ததும் எண்ணெயைத் துணியால் துடைத்தாற்போல் தடவி, பழத்தை முகம் கீழே படும்படி வைத்து, கையை எடுத்துவிட வேண்டும். முதல் அரை நிமிடம் சளசளவென்று ஈரம் பொரியும் சத்தம் கேட்கும். விளிம்பைச் சுற்றிப் பெரிய பெரிய குமிழிகள் தெளிந்த நீராக வந்து உடையும். பிறகு குமிழிகள் சிறுத்து, கெட்டியாகி, செம்பழுப்பு நிறத்தில் மெதுவாக எழும், சத்தமும் தணிந்துவிடும். விதைகள் ஒன்றிரண்டு பட்பட்டென்று வெடிப்பதும் கேட்கும். அப்போது தட்டையான கரண்டியை அடியில் செருகினால், ஒட்டாமல் ஒரே வீச்சில் எழும்பி வர வேண்டும். ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள், இன்னும் 20 விநாடி பொறுங்கள். மொத்தம் இரண்டு, இரண்டரை நிமிடம்தான். புரட்டிப் போட்டுத் தோல் பக்கம் வேகவிடத் தேவையில்லை. ஏர் ஃப்ரையரில் செய்வதென்றால் 190 டிகிரியில் ஏழெட்டு நிமிடம்; அதன் காற்று மேற்பரப்பை நன்றாக உலர்த்திவிடுவதால் நீர் மிகுந்த மழைக்காலப் பழத்துக்கு அதுவே பொருத்தமானது.

குறைந்த சூட்டு முறையில் பழத்தை வெட்டிப் பிரிப்பதில்லை. காம்பு நுனியை நறுக்கிவிட்டு, மேலிருந்து பாதி ஆழம் வரை சிலுவைபோலக் கீறி, அடியை விரலால் லேசாக அழுத்தினால் பழம் மலர்ந்து கொடுக்கும். பழங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அளவுக்குச் சிறிய பாத்திரத்தில் நெருக்கமாக அடுக்குங்கள். பெரிய தட்டில் பரப்பினால் வடியும் சாறு மெல்லிய படலமாகப் பரவிக் கருகிவிடும். 12 பழத்துக்கு ஒரு ஆரஞ்சின் சாறு, இரண்டு மேசைக்கரண்டி தேன், 20 கிராம் வெண்ணெய், இரண்டு பிரிஞ்சி இலை, ஒரு சிட்டிகை உப்பு. 160 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம் வைத்து, இடையில் இரண்டு முறை வடிந்த சாறைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்ற வேண்டும். சாறு கரண்டியின் முதுகில் படியும் பதத்துக்கு வந்ததும் எடுத்து, ஆறிய பின் அரை எலுமிச்சையைப் பிழியுங்கள். சூட்டோடு பிழிந்தால் எலுமிச்சையின் மணம் ஆவியாகிவிடும். அடுப்பில் செய்பவர்கள் அடி கனமான சட்டியில் மூடி போட்டுச் சிறு தீயில் 25 நிமிடமும், பிறகு மூடியைத் திறந்து சாறு சுண்டும் வரையும் வைத்தால் ஏறக்குறைய இதே பதம் வரும். மேற்பரப்பின் பழுப்பு மட்டும் கிடைக்காது.

கார வகைகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் நம்மவர்கள் தயங்குவது அங்கேதான். பழத்தை இறைச்சியோடு சேர்ப்பதா என்ற தயக்கத்துக்கு ரோமாபுரி நல்ல மறுமொழி. கோடைக் கடைசியில் அங்கே ரொட்டிக் கடைகளில் ‘பிட்சா பியாங்கா’ என்னும் எண்ணெய் தடவிய தட்டை ரொட்டியைப் பிளந்து, உள்ளே பழுத்த அத்தியையும் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சியான ப்ரொஷூட்டோவின் மெல்லிய சீவல்களையும் வைத்துத் தின்பார்கள். சாஸ் இல்லை, மசாலா இல்லை. இறைச்சியின் உப்பு பழத்தின் இனிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது, ரொட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது. இறைச்சி வேண்டாம் என்பவர்கள் அந்த இடத்தில் உப்பு மிகுந்த சீஸ் ஏதாவது வைக்கலாம். ஃபெட்டா எளிதாகக் கிடைக்கும், நீல நரம்போடிய கோர்கோன்சோலா கிடைத்தால் இன்னும் நல்லது. பழத்தை மட்டும் கல்லில் போட்டு எடுத்து வையுங்கள்.

பனீரைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். பனீரில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. அத்தியோடு அதை அப்படியே வைத்தால் சப்பென்ற இரண்டு பொருள் அருகருகே கிடக்கும். 500 மில்லி வெந்நீரில் 25 கிராம் உப்பைக் கரைத்து, விரல் தடிமனில் நறுக்கிய 200 கிராம் பனீரை அரை மணி நேரம் அதில் ஊறவிட்டு, நன்றாக ஒற்றி எடுத்து, அத்தி சுட்ட அதே கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டினால் சைப்ரஸ் நாட்டு ஹலூமி சீஸுக்கு ஓரளவு நெருங்கி வரும். அதன் மேல் சுட்ட அத்தியை வைத்து, மிளகைக் கொரகொரப்பாக இடித்துத் தூவி, எலுமிச்சை பிழிந்து உடனே பரிமாறுங்கள். மிளகை இதில் தாராளமாகவே போடலாம். கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் உலர்ந்த அத்தியை அரைத்து, மிளகும் ஊசோ மதுவும் சேர்த்துப் பிசைந்து, இலையில் பொதிந்து வைக்கும் சிக்கோமைதா என்ற பண்டமே உண்டு.

கோழியோடு சேர்ப்பதில் நேரக் கணக்குதான் முக்கியம். ஒரு கிலோ கோழித் தொடைத் துண்டுகளைத் தோல் உரிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் முன்கூட்டியே சொன்னால் தோலோடு தருவார்கள். ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், தோலுடன் எட்டுப் பூண்டுப் பல், முழுதாக உரித்த 200 கிராம் சின்ன வெங்காயம், கிடைத்தால் நாலைந்து தைம் காம்பு ஆகியவற்றோடு பிசறி, 200 டிகிரியில் தோல் மேலே பார்க்க 25 நிமிடம் வையுங்கள். அதன் பிறகே, பாதியாக வெட்டிய எட்டு அத்திப்பழங்களைத் துண்டுகளுக்கு இடையில் செருகி, இரண்டு மேசைக்கரண்டி வினிகரில் ஒரு மேசைக்கரண்டி தேன் கலந்து பழத்தின் மேல் மட்டும் ஊற்றி, மேலும் 15 நிமிடம் விடுங்கள். தொடக்கத்திலேயே போட்டால் பழம் கரைந்து குழம்பாகிவிடும். அதுவும் தின்னக்கூடியதுதான், ஆனால் சுட்ட அத்தியாக இருக்காது. தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டுவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். தட்டில் வடிந்திருக்கும் கொழுப்பும் பழச்சாறும் வினிகரும் கலந்த நீரைச் சிந்தாமல் எடுத்து மேலே ஊற்றுங்கள். இந்த உணவின் ருசியே அதில்தான் இருக்கிறது. பிரான்சில் வாத்தை இதே போல அத்தியோடு சமைப்பார்கள். கொழுப்பு மிகுந்த இறைச்சிக்குத்தான் இந்தச் சேர்க்கை பொருந்தும். தோலில்லாத நெஞ்சுக்கறியில் செய்தால் வறண்ட கறியின் மேல் ஜாம் தடவியது போலிருக்கும்.

மொராக்கோவில் மூடிய மண்சட்டியில் மெல்ல வேகவைக்கும் ஆட்டிறைச்சித் தஜீன் இன்னொரு வழியைக் காட்டுகிறது. அங்கே பழத்தைக் கறியோடு வேகவிடுவதில்லை. ஒரு கிலோ ஆட்டுக்கறியைத் துருவிய வெங்காயம், சுக்குத்தூள், மஞ்சள், ஒரு சிட்டிகை குங்குமப்பூ, ஒரு பட்டைத் துண்டு, வெண்ணெய் ஆகியவற்றோடு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் மெல்ல வேகவைத்து, அந்தச் சாற்றில் இரண்டு கரண்டி எடுத்துத் தனிச் சட்டியில் ஊற்றி, தேனும் பட்டைத்தூளும் சேர்த்து, 250 கிராம் உலர் அத்தியை அதில் பளபளவென்று பாகு பிடிக்கும் வரை வாட்டுவார்கள். கறியைத் தட்டில் எடுத்து வைத்த பிறகே அத்தி அதன் மேல் ஏறும். வறுத்த எள்ளோ பாதாமோ தூவப்படும். புதுப் பழம் இருந்தால் தோசைக்கல்லில் சுட்டு, அதே தேன் சாற்றில் ஒரு புரட்டுப் புரட்டி வைக்கலாம். பழத்தைத் தனியாகப் பக்குவப்படுத்திக் கடைசியில் சேர்ப்பது என்ற இந்த ஒழுங்கு, நீங்கள் எந்தக் குழம்பில் அத்தியைப் போட நினைத்தாலும் உதவும். தேங்காய்ப்பால் குழம்பில் மட்டும் வேண்டாம், இனிப்போடு இனிப்பு மோதும்.

சாலட்டுக்குக் கசப்புத் தேவை. இத்தாலியர்கள் ரக்கோலா இலையையும் ரடிக்கியோ என்னும் கசப்புக் கீரையையும் எடுப்பது அதற்காகத்தான். நமக்கு ரக்கோலா கிடைக்காவிட்டால் முள்ளங்கியின் இளங்கீரை அதே காரக் கசப்பைத் தரும், வெந்தயக்கீரையின் துளிரும் பொருந்தும். வழக்கமாகச் சாலட்டுக்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்பது கணக்கு, ஆனால் சுட்ட அத்தி இருக்கும் இடத்தில் இரண்டுக்கு ஒன்று என்று புளிப்பைக் கூட்டுங்கள். வறுத்த வால்நட் ஒரு கைப்பிடி போதும். பால்சமிக் வினிகரைச் சுண்டக் காய்ச்சி அத்தியின் மேல் ஊற்றும் வழக்கம் உணவகங்களில் பரவியிருக்கிறது; கடையில் கிடைக்கும் சாதாரணப் பால்சமிக் ஏற்கெனவே இனிப்பானது, சுண்டினால் இன்னும் இனிக்கும், ஆகவே புளிப்பைத் தேடிப் போய் இனிப்பையே வாங்கி வருகிறோம். அதைச் சுண்டாமல் ஊற்றுவதே மேல். சிவப்பு ஒயின் வினிகர் இன்னும் மேல்.

இத்தாலியின் கிரிமோனா நகரத்து மொஸ்தார்தா என்பது பழங்களைப் பாகில் ஊறவைத்துக் கடுகின் காரம் ஏற்றிய பண்டம், அவித்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்வது. முழு அத்தியும் அதில் இடம்பெறும். அதை அப்படியே வீட்டில் செய்வது எளிதல்ல. 250 கிராம் சுட்ட அத்தியை மசித்து, மூன்று மேசைக்கரண்டி வினிகர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி கடுகுத்தூள், சிறிது மிளகாய்ச் செதில், உப்பு சேர்த்துச் சுண்டவைத்தால் அதன் எளிய உறவினர் கிடைப்பார், சீஸுக்கும் சுட்ட கறிக்கும் நன்றாக ஒத்துப்போவார்.

இனிப்பு வகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மிக எளிமையானதுதான்: மேலே சொன்ன குறைந்த சூட்டு அத்தி மூன்றை, துணியில் இரவு முழுவதும் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரின் மேல் வைத்து, பாத்திரத்தில் இருக்கும் பாகை ஊற்றித் தருவது. தயிரின் புளிப்பு இங்கே ஈடுகட்டுகிறது. ஐஸ்கிரீம் வைத்தால் நாக்குக்கு ஓய்வே இராது. மணத்துக்கு ஆரஞ்சுத் தோல், பிரிஞ்சி இலை, சிறிது பட்டை போதுமானவை. ஏலக்காயைத் தவிர்க்கச் சொல்வேன். அத்திக்கு மெல்லிய பச்சிலை மணம் ஒன்று உண்டு, ஏலக்காய் வந்தால் அது இருந்த இடம் தெரியாது.

பிரெஞ்சு முறை டார்ட், அதாவது மாவைக் கிண்ணம்போல அமைத்து உள்ளே பழம் வைத்துச் சுடும் பண்டம், செய்ய விரும்புவோருக்குப் பாதாம் கலவையின் கணக்கு நினைவில் நிற்கும்: வெண்ணெய், சர்க்கரை, பாதாம் பொடி ஆகியவை தலா 100 கிராம், முட்டை இரண்டு, மைதா ஒரு மேசைக்கரண்டி. இதை மாவுக் கிண்ணத்தில் பரப்பி மேலே அத்தியை வைத்து 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் சுடுவார்கள். பிரான்சில் பழத்தை அப்படியே வைப்பதுண்டு. புனே அத்தியை அப்படி வைத்தால் அது விடும் நீரில் கலவை வேகாமல் நடுவில் ஈரமாகவே நின்றுவிடும். அதனால் முதலில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் சுட்டு, ஆறவிட்டு, தட்டில் வடிந்த நீரை விலக்கிவிட்டு வையுங்கள். அந்த நீரைக் கொட்ட வேண்டாம். இரண்டு கரண்டி சர்க்கரையோடு சுண்டவைத்து, டார்ட் வெந்து வந்ததும் பழத்தின் மேல் பூசினால் பளபளப்பு வரும்.

பாலோடு சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தியில் ஃபிசின் என்னும் புரதம் சிதைக்கும் நொதி இருக்கிறது. அத்திப்பாலைக் கொண்டு ஆட்டுப்பாலைத் திரித்துச் சீஸ் செய்வது பழைய கிரேக்கர்கள் அறிந்த முறை. துருக்கியின் ஏஜியன் கரையில் வெதுவெதுப்பான பாலில் உலர் அத்தியை அரைத்துக் கலந்து, மூடி வைத்து, உறை ஊற்றிய தயிரைப் போல உறையவைத்து உண்ணும் இன்ஜிர் உயுத்மாசி என்னும் இனிப்பு இதே நொதியால்தான் அமைகிறது. அதற்கு அத்தியைச் சுட்டுவிட்டுப் போட்டால் பால் உறையாது. குல்ஃபி, ஐஸ்கிரீம், பாயசம் ஆகியவற்றுக்கு நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: நொதி முழுதும் செயலிழக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் திரியலாம், நேரமானால் கசப்பும் தட்டலாம். தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் சுட்ட பழத்தின் நடுப்பகுதி அந்த அளவுக்குச் சூடேறியிருக்காது என்பதால், பாலுக்குப் போகும் அத்தி கட்டாயம் குறைந்த சூட்டில் நெடுநேரம் வெந்ததாக இருக்க வேண்டும். ஜெலட்டின் போட்டுச் செய்யும் புட்டிங்குக்கும் இதே விதி, ஏனெனில் ஜெலட்டினும் புரதம்தான். சைனா கிராஸ் கடற்பாசியிலிருந்து வருவது, புரதமல்ல. அதோடு சுடாத அத்தியையும் அஞ்சாமல் சேர்க்கலாம்.

உலர் அத்தியைச் சுடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சுடலாம், ஆனால் அப்படியே வைத்தால் கல்லாகிவிடும். நம் கடைகளில் கயிற்றில் கோத்து விற்கும் தட்டையான ஆப்கானிய அத்தி நன்றாகக் காய்ந்தது. அதை வெந்நீரிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ பாலில்லாத தேநீரிலோ அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒற்றி, 170 டிகிரியில் 12 நிமிடம் வைத்தால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே குழைவுமாக வரும். துருக்கியின் அய்தின் பகுதிப் பழம் தடித்தது, மென்மையானது, அதற்கு ஊறவே வேண்டாம். அது சரிலோப் என்னும் சிமிர்னா இனம். ஒரு சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் நிற்கும், கருவுற்ற விதையும் உருவாகும். கலிஃபோர்னியாவில் இந்த இனத்தை நட்டுக் காய் நிற்காமல் தவித்தவர்கள், 1899-இல் ஃப்ரெஸ்னோவில் குளவியைக் குடியேற்றிய பிறகே பழம் கண்டார்கள். புனே அத்திக்குக் குளவி வேண்டியதில்லை. ஆனால் அதன் விதை வெறும் கூடு. சுடும்போது சிமிர்னா வகையில் எழும் வறுத்த கொட்டை மணம் அதில் வராததற்கு இதுவே காரணம், அந்தக் குறையை நாம் வால்நட்டாலும் பாதாமாலும் தீர்த்துக்கொள்கிறோம்.

உலர் அத்தியைச் சுடுவதில் உச்சம் என்று நான் கருதுவது தென்னித்தாலியின் கலாப்ரியாவில், கொசென்ட்சா வட்டாரத்தில் செய்யும் ‘குரோச்செத்தெ’. அங்கே விளையும் தொத்தாத்தோ என்னும் வெண்ணிற அத்தியை வெயிலில் காயவைத்து, காம்புப் பக்கம் ஒட்டியிருக்கும்படி புத்தகம்போல விரிப்பார்கள். விரித்த இரண்டு பழங்களைச் சிலுவைபோல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் வால்நட்டும் ஆரஞ்சு அல்லது நாரத்தைத் தோலும் வைத்து, மேலும் இரண்டு பழத்தால் அதே போல மூடி, உள்ளங்கையால் அழுத்தி, ஓவனில் பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பாகும் வரை சுடுவார்கள். சர்க்கரை ஒரு துளிகூட இல்லாமலும் செய்யலாம். நாரத்தைத் தோலின் கசப்புதான் இதைத் திகட்டாமல் காப்பாற்றுகிறது. நம் வீட்டில் 160 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் போதும். உப்பில் ஊறிய நாரத்தை ஊறுகாயைப் பயன்படுத்திவிடாதீர்கள், புதுத் தோலின் மஞ்சள் பகுதியைச் சீவி எடுங்கள். ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் பிரிஞ்சி இலைகளுக்கு இடையே அடுக்கினால் பல வாரம் இருக்கும்.

புதுப் பழத்தைச் சுட்டது அவ்வளவு நாள் தாங்காது. மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் நான்கைந்து நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் பாகோடு சேர்த்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், மறுபடி சூடேற்றும்போது உருவம் குலைந்தாலும் தயிருக்கும் ஐஸ்கிரீமுக்கும் அது குறையில்லை. ஜாம் ஆக்கிச் சீசாவில் அடைத்து அலமாரியில் வைக்கும் எண்ணம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அத்தியின் பிஎச் அளவு (இது கூடக் கூடப் புளிப்பு குறைவு என்று பொருள்) பாதுகாப்பான எல்லையான 4.6-க்கு மேல் நிற்கக்கூடியது; அந்த நிலையில் காற்றுப்புகாத சீசாவில் போட்யூலிசம் என்னும் கடும் உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. வீட்டில் பழத்தைச் சீசாவில் அடைத்துப் பதப்படுத்துவதற்கு அமெரிக்க வேளாண் துறை தரும் வழிகாட்டுதலில், ஏறக்குறைய ஒரு லிட்டர் சீசாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்வது இதனால்தான், அதுவும் அமில அளவு மாறாத, கடையில் புட்டியில் விற்கும் சாறு. வீட்டு எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறுவதால், அதைப் பிழிந்து செய்த ஜாமைக் குளிர்பெட்டியிலேயே வைத்து மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.